கலங்கல்

தாமல்
18.8.2003

இல்லை அண்ணா, யாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் முதலில் கேட்டிருக்க வேண்டும். நீ அனுப்பிய சிடி வந்த நாளிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. நம் வீட்டில் இருப்பது டேப் ரெக்கார்டர். மலேசியாவுக்குப் போனவன் அதை மறந்துவிட்டாய்.

நலம் விசாரிக்காமலே ஆரம்பித்துவிட்டேன். அம்மா நலம். முழங்கால் மட்டும் மழையை முன்கூட்டியே சொல்கிறது. நானும் நலம். கல்லூரியில் இந்த வருடமும் தற்காலிக விரிவுரையாளர்தான். நீ?

நேற்று ஐயம்பேட்டைக்குப் போனேன். என்னோடு வேலை பார்க்கும் மங்கையர்க்கரசி வீட்டில் சிடி பிளேயர் உண்டு, தறி இருக்கும் கூடத்திலேயே. அவள் தம்பி நெய்துகொண்டே கேட்டான். மூன்றாவது பாட்டில் தறியை நிறுத்திவிட்டான்.

"அக்கா, உங்க அண்ணன் பாட்டுக்கு ஏத்தாப்ல தறில நாடா போட்டா கோர்வை விட்டுப்பூடும் போலக்குது. அடி எங்க விழுதுன்னே தெரியல."

சேலையின் உடலும் கரையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இடம் கோர்வை. அது விட்டால் சேலை இரண்டு துணி. ஆக, உனக்கு வந்த முதல் விமர்சனம் இது.

ஆல்பத்துக்கு 'கலங்கல்' என்று பெயர் வைத்தது எனக்குப் பிடித்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கல்கட்டு என்று மங்கையர்க்கரசிக்கு விளக்கவேண்டியிருந்தது. ஏரி இல்லாத ஊர்க்காரர்களுக்குக் கலங்கல் என்றால் குழம்பிய தண்ணீர், அவ்வளவுதான்.

கடைசிப் பாட்டும் அதே பெயரில். தண்ணீர் விழும் சத்தம். பிறகு உன் குரல், தாளம் இல்லாமல். பிறகு அந்த வரி, திரும்பத் திரும்ப. 'ஆவட்டும்பா, ஆவட்டும்.'

அந்த வரியை யாரோ உன்னிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். நீயே சொல்லிவிடு.

அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு.

குழலி


கிள்ளான்
4.9.2003

அன்புத் தங்கை குழலிக்கு,

உன் அண்ணன் நலம். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன். பச்சை நிறமாக இருக்கும், குடித்துவிடப் போகிறாள், சொல்லி வை.

இங்கே பத்திரிகையில் வந்துவிட்டது. ஐந்து நட்சத்திரத்தில் இரண்டு. 'இந்த நாட்டில் தமிழ் ராப்பைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான எம்.சி. தாமல், பத்து வருடம் கழித்தும் அதே பீட்டில், அதே சட்டையில் நிற்கிறார்.' சட்டை புதிது. அதை யாராவது அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

சென்னை வார இதழ் ஒன்று: 'பெயருக்கேற்ற கலங்கல். ஒலிக்கலவையில் ஒரே சேறு.' ஏரி இல்லாத ஊர்க்காரன் எழுதியது, நீ சொன்ன மாதிரி.

வானொலியில் எல்லாப் பாட்டையும் புகழ்ந்தார்கள். கடைசிப் பாட்டை மட்டும் போடவில்லை. ஏழு நிமிடம், விளம்பரத்துக்கு இடமில்லை என்றார்கள். ஆனால் பையன்களுக்கு அதுதான் வேண்டும். பினாங்கு மேடையில் நான் மைக்கைப் பிடிப்பதற்குள் கீழேயிருந்து கத்துகிறார்கள், 'ஆவட்டும்பா!' சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். அது சிரிக்கும் இடம் இல்லை. நான் எப்படிச் சொல்வது?

இன்னொன்று. என் பெயருக்கு முன்னால் இப்போது 'மூத்த' போடுகிறார்கள். முப்பது வயதில். பேட்டி எடுக்க வரும் பிள்ளைகள் 'ஐயா, நீங்கள்' என்கிறார்கள். என்னை 'நீ' என்று சொல்ல உலகத்தில் அம்மாவும் நீயும்தான் மிச்சம். பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் செய் என்று அம்மா மறுபடி எழுதச் சொல்வாள். போனில் எனக்கு 'ஹலோ' வருவதற்குள் எதிரே இருப்பவர் வைத்துவிடுகிறார். திக்காதது இரண்டே இடம். பாட்டும் கடிதமும்.

ஊரில் என்ன சொல்கிறார்கள்? எனக்கு அது போதும். இந்த நட்சத்திரங்களை நான் மதிப்பதில்லை. (மதிக்கிறேன்.)

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உன் அண்ணன்
கலைவாணன்


தாமல்
22.9.2003

அண்ணா,

தைலம் வந்தது. அம்மா குடிக்கவில்லை. நாங்கள் நலம். நீ என் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய்.

ஊர்ச் செய்தி கேட்டாய். காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக் கடையில் உன் சிடியைக் கேசட்டில் பதிந்து விற்கிறார்கள். என் மாணவி ஒருத்தி சொன்னாள்: "மேடம், உங்க அண்ணனா? லிரிக்ஸ் ஓகே. பீட்தான் ரொம்ப ஓல்டு." ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ டிரைவர், ஆள் ஏற ஏற, "ஆவட்டும்பா, இன்னும் ஒருத்தர் ஒக்காரலாம்" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். தாமலில் இறங்கினால் யாரும் சிரிக்கவில்லை. யாரும் போடவும் இல்லை.

என் கருத்து. ஆறு பாட்டில் நீ எம்.சி. தாமலைப் போல நடிக்கிறாய். ஏழாவதில் நீ இருக்கிறாய். நட்சத்திரம் போடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துளசியக்கா வந்தாள். ஏரிக்காவல் வீராசாமியின் மனைவி. வாசலில் நின்று, "உங்க அண்ணன் ஏதோ ஏரிப் பாட்டு பாடிக்கீதாமே, போடு கண்ணு" என்றாள். கேசட்டைப் போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு முழுதும் கேட்டாள்.

"தண்ணி சத்தம் சரியா இருக்குது. கலங்கல்ல விழற சத்தம் அதேதான்."

பிறகு கேட்டாள்: "கடைசில அவரு யாரையாச்சும் கூப்புட்டாரா? பாட்டுல அது இல்லியே."

அம்மா அடுக்களையிலிருந்து வந்து டேப்பை நிறுத்தினாள்.

எனக்கு நினைவு வந்துவிட்டது, அண்ணா. அந்த ஐப்பசி. ஏரி நிரம்பி வழிந்த வருடம். வீராசாமி குடித்துவிட்டுக் கலங்கலில் விழுந்து செத்துப்போனான் என்று ஊர் சொன்னது. ஊர்க்கூட்டத்தில் அப்பா பக்கத்தில் நீ நின்றாய். அன்றைக்குக் கலங்கலுக்குக் கீழே வலையோடு இருந்தவன் நீ ஒருவன்தான். "நீ என்னாடா பாத்தே?" என்று கேட்டார்கள்.

'கு' என்றாய். கு, கு, கு. அதற்கு மேல் வரவில்லை. குயில் என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்குப் பதினான்கு வயது.

அப்போது குமாரசாமி பெரியப்பா எழுந்து வந்து உன் தோளில் கை வைத்தார். "ஆவட்டும்பா, ஆவட்டும். மெதுவா சொல்லலாம்." அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். இப்போதும். லாரி, கல்யாண மண்டபம், கட்சிக் கொடி கட்டிய கார் எல்லாம் வந்த பிறகும்.

அடுத்த பொங்கலுக்கு நீ கிள்ளானில் மாமா வீட்டில் இருந்தாய்.

நீ சொல்ல வந்தது யார் பெயர்?

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். வெந்நீர் குடி.

குழலி


கிள்ளான்
9.10.2003

குழலிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

அந்தப் பெயர்தான்.

ஏரிக்கு உள்ளே அவர் நெல் போட்டிருந்தார். தண்ணீர் ஏறினால் பயிர் போய்விடும். கலங்கல் கல்லைப் பெயர்த்துத் தண்ணீரை இறக்க ஆள் கூட்டி வந்தார். வீராசாமி குறுக்கே படுத்துக்கொண்டார். எழுப்பினார்கள். ஒரு தள்ளு. சண்டை கூட இல்லை. பிறகு பெரியப்பா மேலேயிருந்து என்னைப் பார்த்தார். நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

துளசியக்காவிடம் சொல். கூப்பிட்டார். அவள் பெயரை. அதைப் பாட்டில் வைக்க முடியவில்லை. அந்த இடத்தில்தான் தண்ணீர் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். விமர்சகர் சேறு என்றது அதைத்தான்.

பயப்படாதே. பாட்டில் நான் பெயர் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேர் 'ஆவட்டும்' என்பார்கள்.

இன்னொரு பத்திரிகை மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறது. 'கடைசிப் பாட்டில் மட்டும் ஒரு மனிதன் பேசுகிறான்.' வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். உன் வரிதான் இன்னும் நல்லது.

பொங்கலுக்கு வருகிறேன். முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் சொல்.

அண்ணன்


தாமல்
27.10.2003

அண்ணா,

நாங்கள் நலம். உன் கடிதத்தைத் தர்மன் கொண்டுவந்து கொடுத்தார். குமாரசாமி பெரியப்பாவின் கார் டிரைவர். தபால்காரரை வழியில் பார்த்தாராம், வெயிலில் வருகிறாரே என்று வாங்கி வந்தாராம். நீ எச்சில் தொட்டு ஒட்டுவாய். இந்த உறையில் பசை இருந்தது. இனிமேல் மங்கையர்க்கரசி வீட்டு முகவரிக்கு எழுது. கீழே எழுதியிருக்கிறேன். நம் தெருவில் தபால் சரியாக வருவதில்லை.

உன் பாட்டுகளை மறுபடி கேட்டேன். போன கடிதத்தில் நான் எழுதியதை விட்டுவிடு. அவசரப்பட்டுவிட்டேன். கடைசிப் பாட்டு நீளம். குரல் பழசு. கதை யாருக்கும் விளங்கவில்லை. உன்னை நம்பித்தான் சொல்கிறேன், பத்திரிகைக்காரர்கள் கொடுத்த இரண்டு நட்சத்திரம் சரி. பஸ் நிலையத்துக் கடையில் உன் கேசட் இப்போது ஒன்று கூட இல்லை. இங்கே யாரும் கேட்கவில்லை, அண்ணா. நீ வந்தால் உனக்குத்தான் வருத்தம். பொங்கலுக்கு வேண்டாம். வேறொரு வருடம் பார்க்கலாம்.

துளசியக்கா தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்கிறார்கள். நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல முடியவில்லை. ஆட்டைக் கட்டியபடியே விட்டுப் போயிருக்கிறாள். அது கத்திக்கொண்டே இருந்தது. அம்மா போய்த் தழை போட்டுவிட்டு வந்தாள்.

மழை தொடங்கிவிட்டது. ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர்.

உடம்பு பத்திரம்.

குழலி


கிள்ளான்
14.11.2003

குழலிக்கு,

நலம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீயுமா? மற்றவர்கள் எழுதியதைத் தாங்கிக்கொண்டேன், நீ ஏழாவது பாட்டில் நான் இருக்கிறேன் என்று எழுதியதால். இப்போது அதையும் திரும்ப வாங்கிக்கொண்டாய். குரல் பழசு. சரி. யார் வீட்டு முகவரிக்கோ எழுதச் சொல்கிறாய். ஊருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அண்ணன் அவமானமாகிவிட்டானா? நான் என் அம்மா வீட்டுக்குத்தான் எழுதுவேன்.

யாரும் கேட்கவில்லை என்று எழுதினாய். கேட்டிருக்கிறார்கள். இதே வாரம் இன்னொரு கடிதம் வந்தது. குமாரசாமியிடமிருந்து. அச்சடித்த தாளில். 'நம் மண்ணின் பெயரைக் கடல் கடந்து ஒலிக்கச் செய்த தம்பி எம்.சி. தாமலுக்குக் காணும் பொங்கலன்று பாராட்டு விழா.' கீழே அவரே பேனாவால் ஒரு வரி. 'பாட்டு அருமை. தவறாமல் வரவும்.'

அவருக்குப் புரியவே இல்லை, குழலி. தன்னைப் பற்றித்தான் என்று தெரியாமல் பினாங்குப் பையன்களைப் போலவே சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

அன்றைக்குக் கு, கு என்று நின்றேன். இந்த முறை அவரை முதல் வரிசையில் உட்காரவைத்து, ஏழு நிமிடமும் திக்காமல் பாடப்போகிறேன். அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று நீயே எழுது.

கலைவாணன்


தாமல்
30.11.2003

அன்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை ஏலவார்குழலி வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் அனைவரும் நலம். தாங்கள் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. குமாரசாமி பெரியப்பா அவர்கள் தங்களுக்கு ஏற்பாடு செய்திருக்கும் பாராட்டு விழாவைப் பற்றி ஊரே மகிழ்ச்சியில் இருக்கிறது. நீங்கள் அவசியம் வரவேண்டும் என்று பெரியப்பா அவர்கள் விரும்புகிறார்கள். ஏரிக்கரையில், கலங்கலுக்குப் பக்கத்தில் மேடை போடுகிறார்கள். விமான நிலையத்துக்குக் கார் அனுப்புவார்கள். நீங்கள் எந்த நாள், எந்த விமானம் என்பதை உடனே எழுதவும்.

பெரியம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாததால் அம்மா அவர்கள் பெரியப்பா வீட்டிலேயே ஒத்தாசையாகத் தங்கியிருக்கிறார்கள். நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் முன்பு எழுதிய கடிதங்களில் தேவையற்ற பழைய விஷயங்கள் இருந்தன. அவற்றை மறந்துவிடுவது நல்லது. நீங்கள் வந்து சேர்ந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கை
க. ஏலவார்குழலி


கிள்ளான்
13.12.2003

மரியாதைக்குரிய தங்கை அவர்களுக்கு!

நலம், நலம், நலம். கடைசியில் நீயும் 'நீங்கள்' போட்டுவிட்டாய். அதுவும் எத்தனை! உரக்கப் படித்துக் காட்டினேன், அறையில் இருக்கும் பையன்கள் உருண்டு சிரித்தார்கள். ஊர் மேடை போட்டால்தான் வீட்டில் மரியாதை வரும் போலிருக்கிறது. போன கடிதத்தில் கத்தியதற்கு மன்னித்துக்கொள். உன் கோபமும் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, நேரில் வந்ததும் 'நீ'தான். 'நீங்கள்' கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது.

அம்மா அவர் வீட்டில் வேலை செய்வது பிடிக்கவில்லை. வந்ததும் பேசுகிறேன்.

நாளைக் காலை கிளம்புகிறேன். ஈப்போ, பினாங்கு, ஜொகூர், பிறகு சிங்கப்பூர். அங்கிருந்து நேராகச் சென்னை. ஜனவரி 13, செவ்வாய், மதியம். இனி இந்த முகவரிக்கு எழுதாதே, கடிதம் கதவுக்கடியில் கிடக்கும்.

சிங்கப்பூரில் கேட்டவர்கள் சொல்கிறார்களாம், கலங்கல்தான் நான் செய்ததிலேயே சிறந்தது என்று. பாதிப் பேர். மற்ற பாதி, நான் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். இரண்டும் சரியாக இருக்கலாம்.

பார்ப்போம்.

கலை


ஐயம்பேட்டை
26.12.2003

அண்ணா,

கதவுக்கடியில் கிடக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். யாராவது எடுத்து உன்னிடம் சேர்க்கலாம். நீ நலமாக இரு. அதுதான் இந்தக் கடிதத்தில் விஷயம்.

பிறந்ததிலிருந்து உன்னை ஒரு முறை கூட 'நீங்கள்' என்றதில்லை. அன்றைக்குப் பெரியப்பா எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தர்மன் கதவருகில். எழுது என்றார். நான் 'நீங்கள்' என்று எழுதினேன். முடிந்த இடத்திலெல்லாம் எழுதினேன். நீ முதல் வரியிலேயே திடுக்கிடுவாய், இது குழலி இல்லை என்று தெரிந்துகொள்வாய், அது போதும் என்று நினைத்தேன்.

நீ சிரித்திருக்கிறாய்.

அதற்கு முன்பே நேராக எழுதியிருக்கலாம். ஆபத்து என்று எழுதினால் அம்மாவுக்காக அடுத்த விமானத்தில் வந்துவிடுவாய். அதனால் பாட்டு மோசம் என்று எழுதினேன். என் விமர்சனம் உன்னை நிறுத்தும் என்று நம்பினேன். அது பொய். அந்தப் பாட்டில் ஒரு அசை கூட அதிகம் இல்லை.

அவருக்குப் புரியவில்லை என்று எழுதினாய். உன் அக்டோபர் கடிதம், 'அந்தப் பெயர்தான்' என்று நீ எழுதியது, என் கைக்கு வரும் முன் அவர் கைக்குப் போயிருக்கிறது. பஸ் நிலையத்துக் கடையிலிருந்த கேசட்டுகளை எல்லாம் தர்மன்தான் வாங்கிப்போனார். அதன் பிறகு ஒருநாள் பெரியப்பா நம் வீட்டுக்கு வந்தார். காரில் உன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம புள்ள நல்லாத்தான் பாடிக்கீறான். ஒரு எடத்துல மட்டும் தண்ணி சத்தத்துல என்னா சொல்றான்னு கேக்கல. நீ படிச்ச பொண்ணு, அதைச் சொல்லேன்மா."

எனக்கும் தெரியாது என்றேன்.

"ஆவட்டும்மா, ஆவட்டும். அவனே வந்து சொல்லட்டும்."

அவர் சிரித்தார். அம்மாவும் சிரிக்க முயன்றாள்.

துளசியக்கா தன் மகள் வீட்டில் இல்லை. வாலாஜாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். மகள் என்னைக் கேட்கிறாள், அம்மா தாமலில்தானே இருக்குது என்று.

இன்று ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து உன் அறைக்குப் பேசினேன். ஒரு பையன் எடுத்தான். அண்ணன் ஊர் ஊராகப் போகிறார், எந்த ஊர் என்று தெரியாது என்றான். வர வேண்டாம் என்று குழலி சொன்னாள் என்றேன். "ஆவட்டும்பா" என்று சிரித்தான். அவனுக்கு அது உன் பாட்டு.

ஏரி நிரம்பிவிட்டது, அண்ணா. கலங்கலில் தண்ணீர் போகிறது. மேடைக்குக் கழி நடுகிறார்கள், நீ வலையோடு நின்ற இடத்துக்கு நேர் மேலே.

குழலி


காஞ்சிபுரம்
13.1.2004

அண்ணா,

இதைக் கையில் கொடுப்பேன். விமான நிலையத்தில் பேச இடம் இருக்காது. நலம் விசாரிப்பு பிறகு.

வெளியே வரும்போது தர்மன் மாலையோடு நிற்பார். கூட இரண்டு பேர் இருக்கலாம். மாலையை வாங்காதே. காரில் ஏறாதே. பாட்டு நன்றாக இருந்தது என்று யார் சொன்னாலும் நின்று கேட்காதே. உனக்கு அது கஷ்டம், தெரியும்.

என்னோடு வா. சாலையைத் தாண்டினால் திரிசூலம் ரயில் நிலையம். சென்னையில் ஒரு வழக்கறிஞர், ஸுபத்ரா என்று பெயர். அவரிடம் பேசியிருக்கிறேன். துளசியக்காவின் மகளும் அங்கே வருகிறாள். மேடையும் மைக்கும் அங்கே இல்லை. நீ உட்கார்ந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும். பாட்டாக இல்லை. திக்கினால் திக்கு. கு என்று ஆரம்பித்து முழுப் பெயரும் வரும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். யாரும் சிரிக்க மாட்டார்கள். நானும்.

அம்மா எங்கே என்று கேட்பாய். பத்திரமாக இருக்கிறாள்.

நீ வா.

குழலி


ஏலவார்குழலி இந்தக் கடிதத்தை மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்தாள். அன்று காலை, கோயிலில் பிள்ளைக்காக ஒரு வேண்டுதல் என்று சொல்லி அம்மாவைக் குமாரசாமி வீட்டிலிருந்து அழைத்து வந்திருந்தாள். இருவரும் கோயிலுக்குப் போகவில்லை. அம்மாவை ஐயம்பேட்டையில் மங்கையர்க்கரசி வீட்டுத் தறிக்கூடத்தில் விட்டுவிட்டு, காஞ்சிபுரம் திரும்பி, தாம்பரம் பஸ்ஸில் ஏறினாள். படப்பைக்கு அருகில் கட்சிக் கொடி கட்டிய கார் ஒன்று பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. அவள் எழுந்து முன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.